குறியீடு முன்னே, மொழி பின்னே

உத்திரமேரூர் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. அதனால் இங்குள்ள லேத் பட்டறைகளில் சின்னச் சின்ன நடவுக் கருவிகளைச் செய்து பார்க்கிறார்கள். அவர்கள் தேடும் யோசனைகளில் பல, ஜப்பானியக் காப்புரிமை ஆவணங்களில் படத்தோடு எழுதப்பட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிப் படித்து விளக்கிச் சொல்வது என் வேலை. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டுதான் படிக்கிறேன். அதை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று அறிவதே இந்த வேலையின் நுட்பம்.

தேடலைச் சொல்லில் தொடங்காமல் குறியீட்டில் தொடங்குவேன். பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் நாற்று நடும் இயந்திரங்களுக்கு ஏ01சி 11 என்று ஓர் இடம் உண்டு. ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும் இந்தக் குறியீடு மாறாது. எஸ்பாஸ்நெட் என்னும் காப்புரிமைத் தேடுதளத்தில் இதை இட்டால் ஜப்பான், சீனா, கொரியா எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

குறியீட்டின் வலிமையை நம் நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆதாரங்களைக் காட்டிப் போராட, 1997இல் அது ரத்தானது. இப்படி மீண்டும் நடக்காதிருக்க, 2001இல் மரபு அறிவு மின்நூலகப் பணி தொடங்கியது. சமஸ்கிருத, அரபு, பாரசீக நூல்களோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் அதில் சேர்ந்தன. ஒவ்வொரு மருந்து முறையையும் முதலில் குறியீடுகளாக்கி, அங்கிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தருகிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் அது அயல்நாட்டுக் காப்புரிமைப் பரிசோதகருக்கு இவ்வளவு பயன்பட்டிருக்காது.

ஆவணம் கைக்கு வந்ததும் முதலில் படத்தைப் பார்ப்பேன். படத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் எண் இருக்கும். மொழிபெயர்ப்பு ஒரே உறுப்பை ஓரிடத்தில் நகம் என்றும் இன்னோரிடத்தில் கொக்கி என்றும் சொல்லும். எண் மட்டும் மாறாது. ஆகவே எண்ணைப் பிடித்துக்கொண்டு விளக்கத்தைப் படித்தால் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பது தெளிந்துவிடும். அடுத்து, அதே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இருந்தால் பெரும்பாலும் மனிதர் எழுதிய ஆங்கிலப் பிரதியே கிடைத்துவிடும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2012இல் கூகிளுடன் சேர்ந்து தொடங்கிய மொழிபெயர்ப்புச் சேவை இன்று நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் காப்புரிமை எதைக் காக்கிறது என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கைப் பகுதியில் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். அங்கே ஒரு கோரிக்கை முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம். ‘இவற்றைக் கொண்டது’ என்பதும் ‘இவற்றை மட்டுமே கொண்டது’ என்பதும் சட்டத்தில் வேறு வேறு. ஓர் எதிர்மறை விடுபட்டால் பொருளே தலைகீழாகும். பணமோ வழக்கோ அந்த வரியைப் பொறுத்தது என்றால், மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளரிடம் அந்தப் பக்கத்தை மட்டுமாவது கொடுத்துவிட வேண்டும்.

பட்டறைக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “இதை நாம செய்யலாமா சார்?” என்பதுதான். காப்புரிமை அந்தந்த நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். இந்தியாவில் அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகும். இங்கே அந்த உரிமை நடப்பில் இருக்கிறதா என்பதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்திலேயே பார்க்கலாம். இங்கே விவரக்குறிப்புகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். இந்தியாவில் உரிமை இல்லையென்றால் இங்கே தாராளமாகச் செய்து விற்கலாம்; உரிமை உள்ள நாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஏற்கெனவே வெளியான அதே கருத்துக்கு நாமும் புதிதாக உரிமை கோர முடியாது.

ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிதாக ஒரு கருவி செய்யுமுன் அதன் வகைப்பாட்டுக் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். படத்தைப் பாருங்கள், எண்களைத் தொடருங்கள். மொழி தெரியாது என்ற காரணத்துக்காக ஓர் ஆவணத்தையும் ஒதுக்காதீர்கள்.