அந்தச் சாக்கடை மூடி யாருடையது?

காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை சாலை நிலவரம் சொல்வது என் பிழைப்பு. கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், எல்டிபியில் எங்கே லோரி பழுதாகி நிற்கிறது, கெசாஸில் எந்தத் தடம் மூடியிருக்கிறது... என் நேயர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் காருக்குள் அமர்ந்து கோலாலம்பூரை நோக்கி ஊர்ந்துகொண்டிருப்பார்கள். நான் மட்டும் நாலரை மணிக்கே எழுந்து, காலிச் சாலையில் அவர்களுக்கு முன்னால் வந்துவிடுகிறேன்.

போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிச் செய்திக்கு முன் பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார்.

"அப்பா சாக்கடையில விழுந்துட்டாரும்மா. பதறாதே, நல்லா பேசறாரு."

அப்பா தினமும் தே தாரேக் குடிக்க மாமாக் கடைக்கு நடந்து போகும் வழிதான் அது. சாக்கடை மேல் இருந்த இரும்பு மூடியை யாரோ இரவோடு இரவாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இரும்புக்கு விலை இருக்கிறதே! வலது கணுக்காலில் எலும்பு முறிவு. 35 வருடம் லோரி ஓட்டி, உடம்பில் ஒரு கீறல் படாமல் ஓய்வு பெற்றவர் அவர்.

மருத்துவமனையிலிருந்தே புகார் செய்ய அழைத்தேன். எங்கள் தாமான் சிலாங்கூரில் இரண்டு ஊராட்சி மன்றங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. முதல் மன்றத்தில், "அந்தக் கடை வரிசை எங்கள் எல்லையில் இல்லை" என்றார்கள். இரண்டாவது மன்றத்தில், "அந்தத் துண்டை வீடமைப்பு நிறுவனம் இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை" என்றார்கள். வீடமைப்பு நிறுவனத்தின் எண் உபயோகத்தில் இல்லை. யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. அத்தனை பேரும் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள், எனக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது. அதற்குள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் குழிக்குள் இறக்கி, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்.

மறுநாள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தபோது வாய் துடித்தது. இரண்டு மன்றங்களின் பெயரையும் சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் மூடி வந்துவிடும். எங்கள் தயாரிப்பாளர் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "உன் அப்பாவுக்கு மைக் இருக்கு. மத்தவங்க அப்பாவுக்கு?"

அதனால் வேறொன்று செய்தேன். உங்கள் பகுதியின் ஊராட்சி மன்ற உறுப்பினர் பெயர் தெரியுமா என்று நேயர்களைக் கேட்டேன். அழைத்தவர்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் தெரிந்திருந்தது. சட்டமன்ற உறுப்பினரையும் பலர் சொன்னார்கள். மன்ற உறுப்பினர் பெயரைச் சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் அந்த உறுப்பினரின் மைத்துனர்! நான் சிரித்து மழுப்பினேன். எனக்கே தெரியாது. ஆறு வருடமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வீட்டு வரி கட்டுகிறேன், அது போய்ச் சேரும் மன்றத்தில் எனக்காக யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடியதில்லை.

தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஒரு மன்றத்தில் அதிகபட்சம் 24 உறுப்பினர்கள். மேயரையோ தலைவரையோ சேர்த்து அத்தனை பேரையும் மாநில அரசாங்கம் நியமிக்கிறது. கோலாலம்பூரில் டத்தோ பண்டாரும் நியமனம்தான். அங்கே சட்டமன்றத் தொகுதியும் கிடையாது.

பாட்டியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. 87 வயது, ஜார்ஜ்டவுனில் வாழ்க்கைப்பட்டவர். "நாங்க ஓட்டுப் போட்டோமே! ஒரு தமிழர்கூட மேயரா இருந்தாரே" என்றார். சரிதான். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை விசாரிக்க அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது; அரசாங்கம் ஏற்கவில்லை. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயரை எத்தனையோ காலை வாசித்திருக்கிறேன், "அங்கே வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்று. ஆள் யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஊடகத்துறைப் பட்டம் வேறு!

தேர்தல் வந்தால் மூடி தானாக வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எல்லைக்கோடு அப்போதும் அங்கேயேதான் இருக்கும். கோலாலம்பூரில் இடம் போதாமல் 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயாவைக் கட்டினார்கள். 1974இல் கோலாலம்பூரே சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. நடுவில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவுக்குக் கீழே தினமும் போகிறோம். சுபாங், பூச்சோங், காஜாங், ரவாங் என்று வீடு தள்ளித் தள்ளிப் போனது. வேலை மட்டும் பெரும்பாலும் நகரிலேயே நின்றுவிட்டது. பெருநகர் கோலாலம்பூர் என்று திட்டங்களில் எழுதுகிற பரப்பில் பத்து ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. மழைநீருக்கோ பேருந்துக்கோ அந்தப் பத்துக் கோடுகளும் தெரியாது. பகல் முழுக்க நான் தேய்க்கிற சாலை ஒரு மன்றத்துடையது, என் வரி போவது இன்னொன்றுக்கு. இந்த ஒழுங்கை யார் சரி என்று சொன்னாலும் என்னால் தலையாட்ட முடியாது.

கடைசியில் எங்கள் பகுதி உறுப்பினரின் எண்ணைக் கண்டுபிடித்தேன். நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. சனிக்கிழமை மழையில் குடையோடு வந்து, நாற்காலியைத் தூக்கிப் பார்த்துக் குழியை அளந்தார். "இது எங்கள் பக்கமா என்று எனக்கும் தெரியவில்லை" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் அங்கே சிமெண்ட் மூடி இருந்தது. யார் போட்டார்கள் என்று இரண்டு மன்றங்களுக்கும் அழைத்துக் கேட்டேன். இரண்டிலும், "நாங்கள் இல்லையே" என்றார்கள்.

அப்பா இப்போது கைத்தடியோடு அதே வழியில் மாமாக் கடைக்குப் போகிறார். மூடியின் மேல் கால் வைப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். நாற்காலியை ஆண்ட்டி கழுவிப் பின்வாசலில் வைத்திருக்கிறார்.