வாங்க ஒன்றுமில்லாமல் சந்தைக்கு

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான இடங்கள் பள்ளிவாசல்கள், மிக வெறுப்பானவை கடைவீதிகள் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸைப் பதினெட்டு ஆண்டுகளாக மக்தபில் நடத்திவருகிறேன். நடத்தி முடித்ததும், "தேவையில்லாமல் பஜாரில் நிற்காதீர்கள்" என்று பிள்ளைகளை எச்சரிப்பது வழக்கம். ஒரு சிறுமி மட்டும் அந்தப் பாடத்தின்போது தலையைக் குனிந்துகொள்வாள். அவளுடைய அத்தா எங்கள் கும்மிடிப்பூண்டிச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் கருவாடு விற்பவர் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை.

அவள் இப்போது சென்னையில் கட்டடக்கலை படிக்கிறாள். சென்ற ஷஅபான் மாதம் தன் வகுப்புத் தோழிகளுடன் அளவு நாடாவோடு வந்தாள். பழைய சந்தை ஒன்றை மக்கள் கூடும் பொதுவெளியாக மறுபடி வடிவமைக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை சிப்காட்டிலிருந்து வரும் வடமாநிலத் தொழிலாளர்கள் எங்கே நின்று ஊருக்குப் பேசுகிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள். புறப்படும்போது என்னிடம் தயங்கிக் கேட்டாள்: "ஹஜ்ரத், அல்லாஹ் வெறுக்கும் இடத்தில் மக்களைக் கூட்டுவதற்கு நான் படம் வரையலாமா?"

பதில் உடனே வரவில்லை. அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். மோசடி, பொய்ச் சத்தியம், வட்டி, இறைநினைவை மறத்தல் ஆகியவை மலிந்திருப்பதால்தான் அந்த வெறுப்பு என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார். முவத்தாவில் வரும் இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தியும் கண்ணில் பட்டது. அவர்கள் கடைவீதிக்குப் போவார்கள். எதையும் வாங்கமாட்டார்கள், விலை கேட்கமாட்டார்கள், உட்காரவும் மாட்டார்கள். பின் எதற்கு என்று கேட்கப்பட்டபோது, எதிர்ப்படுவோருக்கு ஸலாம் சொல்வதற்காகவே என்றார்கள். ஓதும் காலத்தில் நானும் படித்த செய்திதான். ஒருமுறைகூட அதை அந்த ஹதீஸோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் அவளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன், வருத்தத்தையும் சொன்னேன்.

கல்லூரியில் மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தபோது அவள் அத்தாவும் நானும் புறநகர் ரயிலில் போனோம். எங்கள் ரயில் போய் நிற்கும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். 1900இல் திறந்த அந்தச் சந்தை 1985 மே 30 அன்று எரிந்துபோனது. என் தகப்பனார் பழைய கிதாபுகளை அங்கேதான் பேரம் பேசி வாங்கினார்களாம். சந்தை போய்விட்டது, அறிவிப்பில் பெயர் மட்டும் ஒலிக்கிறது.

மாதிரி அழகாகவே இருந்தது. நடுவில் மரம், சுற்றிலும் திண்ணை, பெண்களுக்குக் கழிப்பறை, குழந்தைகளுக்கு இடம், வரிசையாக எண் போட்ட கடைகள். அவள் அத்தா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இதுல நான் சாக்கு விரிக்கிற இடம் எதும்மா?"

அவளிடம் பதில் இல்லை. கடை வைத்திருப்பவர்களுக்கு எண் கிடைத்திருந்தது. தரையில் இருப்பவர்கள் மரநிழலில் மறைந்துபோயிருந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அவள் அகமதாபாத்தின் குஜரி பஜார் பற்றிய படங்களோடு வந்தாள். சுல்தான் அஹ்மத் ஷாவின் காலத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தையாகத் தொடங்கி, பின்னர் சபர்மதிக் கரையில் எல்லிஸ் பாலத்தடியில் ஞாயிறுதோறும் கூடுகிற சந்தை அது. பெரும்பாலும் முஸ்லிம்களும் தலித்துகளும் தரையில் பரப்பி விற்கிறார்கள், பெண்களும் பலர். நதிக்கரை மேம்பாட்டுத் திட்டத்தால் பிழைப்பு போகும் நிலை வந்தபோது வியாபாரிகள் சங்கம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்நகரின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், இந்திய மேலாண்மைக் கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களின் துணையோடு, சந்தையையும் உள்ளடக்கிய மாற்றுத் திட்டத்தையும் முன்வைத்தது. 2014இல் அதே நதிக்கரையில் அதற்குப் புதிய இடம் அமைந்தது.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய சந்தையும் கட்டடமில்லாத திறந்தவெளிதான் என்று அவளிடம் சொன்னேன். முதலில் வந்தவர் அன்று மாலைவரை அந்த இடத்துக்கு உரியவர். வாடகையும் வரியும் இல்லை என்று வரலாற்று நூல்களில் காண்கிறோம். "அப்படியானால் எண்களை அழித்துவிடலாம்" என்றாள். மதிப்பெண் குறையுமே என்று நான்தான் கவலைப்பட்டேன். ஒரு பக்கக் கடை வரிசையை எடுத்துவிட்டு, கூரையும் தண்ணீர்க் குழாயும் உள்ள வெறும் தரையாக வரைந்தாள். மதிப்பெண் உண்மையிலேயே குறைந்தது. அந்தப் படத்தை அவள் அத்தா சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

சென்ற ஞாயிறு அஸர் தொழுதுவிட்டுப் பையில்லாமல் சந்தைக்குப் போனேன். பூக்காரம்மாவிடமும் தேநீர்க்கடைக்காரரிடமும் நலம் விசாரித்தேன். ஒடிசா மாநிலத்து வாலிபர் ஒருவர் ஸலாமுக்குப் பதில் சொல்லி, தொழுகை நேரத்தை விசாரித்தார். கருவாட்டுச் சாக்கின் முன் நின்றபோது, "என்ன வேணும் ஹஜ்ரத்?" என்றார் அவள் அத்தா. ஒன்றும் வேண்டாம், ஸலாம் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை, காற்கிலோ நெத்திலியைப் பொட்டலம் கட்டிவிட்டார்.