மாட்டுக் கொட்டிலில் ஓர் எஞ்சின்

எமது வீட்டின் பின்புறத்தில் மாடில்லாத மாட்டுக் கொட்டில் ஒன்று உண்டு. அங்கே இரண்டு பனங்குற்றிகளின்மேல், பழைய பருத்தித் துணியால் மூடப்பட்டு, ஒரு மோட்டார்க் காரின் எஞ்சின் இருக்கிறது. வீட்டுக்கு வருவோரில் விஷயம் அறியாதவர்கள், இதைப் பழைய இரும்பு வாங்குபவனிடம் கொடுத்தால் நாலு காசு வருமே என்பார்கள். விஷயம் அறிந்தவர்களோ அதை நல்ல விலைக்குக் கேட்பார்கள். இரு சாராருக்கும் நாம் கூறும் விடை ஒன்றே: அது கொடுப்பதற்கன்று. ஏன் கொடுப்பதற்கன்று என்று நாம் செம்மையாகச் சிந்தித்ததில்லை. சென்ற ஆவணியில் அந்த எஞ்சினை மீண்டும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஆயத்தஞ் செய்தோம். அன்று நேர்ந்த ஒரு சிறு சம்பவமே எம்மைச் சிந்திக்க வைத்தது.

கார், எமது தந்தையார் பழையதாக வாங்கிய ஒஸ்ரின் ஏ-40. இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட 'சமசெற்' வகையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர், 1,200 கன சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்தில் இவ்வகைக் கார்கள் இத்தனை காலம் உயிர் வாழ்ந்ததற்குக் காரணம் எமக்குப் பழைமையிலிருந்த மோகமன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடைக்கவில்லை, புதிய வாகனமோ உதிரிப் பாகமோ வரவில்லை. கிடைத்த சொற்ப மண்ணெண்ணெயில் எது ஓடுமோ அதுவே வாகனம் என்ற நிலை உண்டாயிற்று.

ஏ-40 மண்ணெண்ணெயில் ஓடியது. அதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு. அதன் சிலிண்டரில் வாயு அமுக்கப்படும் விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 மாத்திரமே. கூடிய அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலமல்லாக் காலத்தில் வெடித்து எஞ்சினை இடிக்கும். குறைந்த அமுக்கத்தில் ஒருவாறு அடங்கி எரியும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் இரும்பைக் காக்காது. எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. ஒரு காரை ஓட்ட இன்னொரு எஞ்சினைக் கைவசம் வைத்திருப்பது அவசியமாயிற்று. உடைந்த கார் ஒன்றிலிருந்து எமக்கு இந்த எஞ்சினைத் தேடித் தந்தவர் ஒரு மெக்கானிக். நாம் அவரை அண்ணை என்றே அழைப்போம்.

1995 புரட்டாதியில் அண்ணை இந்த எஞ்சினைச் சேமிப்புக்காக ஆயத்தஞ் செய்து கொட்டிலில் வைத்தார். அடுத்த மாதம், ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நாமும் நடந்தோம். 1996 வைகாசியில் நாம் திரும்பிவந்தபோது வீட்டின் ஓடுகளும் கதவுகளும் இல்லை. காரில் ரயர்களும் பற்றறியும் காபரேற்றரும் இல்லை. காபரேற்றர் இருந்த வாயின் வழியாக மாரி மழை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. காரிலிருந்த எஞ்சினை இருவர் சேர்ந்து சுற்றியும் அது மயிரளவும் அசையவில்லை. பின்பு அண்ணை கொட்டிலுக்குப் போனார். கிடுகுகளை விலக்கி, மேலதிக எஞ்சினின் முன்புறத்தில் ஹாண்டிலைப் பொருத்தினார். அது சுற்றியது, ஒரு கையால்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே இரும்பில் வார்க்கப்பட்ட இரு எஞ்சின்கள். இரண்டும் ஒரே மாரியைக் கண்டவை. ஒன்று இறந்தது, ஒன்று பிழைத்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வேற்றுமை ஒரு மனிதனின் ஒருநாள் உழைப்பு மாத்திரமே.

பிழைத்த எஞ்சின் அன்றிலிருந்து ஏழாண்டுகள் காரை ஓட்டியது. 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின் கொழும்பிலிருந்து சிலீவ்கள் வருவித்து, இறுகிப்போன எஞ்சினை அண்ணை மீளக் கட்டினார். அது காருக்குப் போயிற்று. இது கொட்டிலுக்குத் திரும்பிற்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை இருந்த காலத்தில் இதற்கு வந்த விலையை எழுதினால் வாசகர் நம்பமாட்டார்கள்.

இனி, சென்ற ஆவணிக்கு வருவோம். அண்ணைக்கு இப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். கை நடுங்குகிறது. "இந்த முறை முழுக்கக் கழுவிப் பூசி வைப்பம் மாஸ்ரர், அடுத்த முறைக்கு நான் இருப்பனோ தெரியாது" என்று கூறி, உதவிக்கு ஒரு பையனையும் அழைத்து வந்தார். வந்தவன் எமது பழைய மாணவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாதவன். அக்கணிதத்தை அவனுக்குக் கற்பித்தவர் நாமே.

முதலில் பழைய ஒயிலை வடித்தார்கள். அசையாது கிடக்கும் எஞ்சினுக்குப் பழைய ஒயிலே போதுமே என்று நாம் நினைத்திருந்தோம். அது தவறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் பிறக்கிறது. பெரும்பகுதி புகையுடன் வெளியேறினும், சிறுபகுதி ஒயிலிற் கலந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. ஓடிய ஒயிலை உள்ளே விட்டு வைப்பது காவலுக்குக் கள்வனை வைப்பதாகும். மீளக் கொட்டிலுக்கு வந்தபோது அவசரத்தில் அதை மாற்றாது விட்டதை அண்ணை ஒப்புக்கொண்டார். அதைத் திருத்தவே இம்முறை முழு வேலையும்.

அடுத்து நீர்ப்பாதை. எமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. அந்நீர் எஞ்சினுள் சுற்றியோடிய இடமெல்லாம் வெண்படிவு விட்டிருக்கும். வடிகுழாயைத் திறந்து, கம்பியாற் கிண்டி, கழுவி, நீரிற் கரையும் எண்ணெய் கலந்த நீரைக் கடைசியாக ஓடவிட்டு, வெயிலில் உலர்த்தினார்கள். ஒரு சொட்டு நீரும் தங்கக்கூடாது.

பின்பு ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி புதிய ஒயில் விட்டு, ஹாண்டிலால் மெதுவாகச் சுற்றினார்கள். சுவரெங்கும் ஒயில் படிந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தினாலும் சில வால்வுகள் திறந்தே நிற்கும். திறந்த வால்வின் வழியே ஈரக்காற்று புகும். ஆகவே மேலேயுள்ள திருகுகளைத் தளர்த்தித் தள்ளுகோல்கள் எட்டையும் உருவி எடுத்தார்கள். எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டன. தள்ளுகோல் ஒவ்வொன்றும் தான் தேய்ந்த இடத்துக்கே திரும்பப் போகவேண்டும். பையன் ஒரு மட்டையில் எட்டுத் துளையிட்டு, இலக்கமிட்டு, அவற்றை வரிசையாகக் குத்தி வைத்தான். கிளச்சுத் தட்டைத் தனியே கழற்றினார்கள். விட்டுவைத்தால் அது துருவினால் சில்லோடு ஒட்டிக்கொள்ளும்.

திறந்த வாய்களை அடைக்க நாம் பழந்துணியைக் கொண்டுவந்து கொடுத்தோம். அண்ணை அதைத் தள்ளிவிட்டார். "துணியை ஒருநாளும் உள்ளுக்கு அடையக்கூடாது மாஸ்ரர். பஞ்சு ஈரத்தை இழுக்கும். அதோட, அடைச்சவன் மறந்துபோவான். பிறகு வாறவன் தெரியாமல் ஸ்ரார்ட் பண்ணுவான்." தகரத்தை வெட்டி, கிறீஸ் பூசிய மட்டையை இடையில் வைத்து, வாய்களின்மேல் ஆணிபோட்டு முறுக்கினார். பொலித்தீனாற் சுற்றவும் அவர் இசையவில்லை. பகலின் வெப்பமும் இரவின் குளிரும் மாறிமாறி வர, பொலித்தீனுக்குள் அகப்பட்ட காற்றே வியர்த்து நீராகும். தூசியைத் தடுத்துக் காற்றை விடும் துணியே மேல். சிமெந்துத் தரையும் ஆகாது. அது நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கும். எனவேதான் பனங்குற்றி.

இனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினைச் சுற்றவேண்டும். வெறுமனே சுற்றினால் உள்ள ஒயிலையும் வளையங்கள் வழித்துவிடும். முதலில் ஒயில் விட்டு, பின்பே சுற்றவேண்டும். இதுவரை அண்ணை இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி நிறுத்துவது வழக்கம். பையன் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தயக்கத்துடன் சொன்னான்: "ஐயா, ரெண்டு முழுச்சுத்துச் சுத்தினால் பிஸ்ரன் பழையபடி அதே இடத்திலதானே வந்து நிக்கும்? வளையம் எப்பவும் ஒரே இடத்திலதானே இருக்கும்?"

அண்ணை சிறிதுநேரம் பேசவில்லை. பையன் ஒரு நூலை எடுத்தான். முன்னாலுள்ள கப்பியைச் சுற்றி நூலை அளந்து, அதை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்து, பின் மூன்றாக மடித்தான். மடிப்புகள் காட்டிய இடங்களில் வெள்ளைப் பெயின்ற்றால் பன்னிரண்டு புள்ளிகள் வைத்தான், கடிகார முகம் போல. ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்றும் ஒரு புள்ளியும். அவ்வளவுதான்.

ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு சமகூறாக்குவதை, கோணமானியும் கவராயமும் இன்றி, நூலொன்றாற் செய்துகாட்டியவன் எமது கணித வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். நாம் வியந்து பாராட்டினோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சேர், பத்தாம் வகுப்பில நீங்கள் சொன்னது பலிச்சிட்டுது. படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய் எண்டு சொன்னீங்கள். நான் வந்திட்டன்."

அவன் குரலில் பகையில்லை, குத்தலும் இல்லை. அதுவே எம்மை அதிகம் வருத்திற்று. அந்த வசனத்தை எத்தனை மாணவருக்குக் கூறியிருப்போம் என்று கணக்கிட முயன்றோம், முடியவில்லை. ஆசிரியர்களாகிய எம்மில் அதைக் கூறாதவர் எத்தனை பேர்? கராஜ், வயல், கடல், தையற்கடை ஆகியவை படிக்காதவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்று கற்பித்துவிட்டு, மேடையில் ஏறி உழைப்பின் மேன்மையைப் பேசுகிறோம். 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஏழையின் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவு திறந்தது மகத்தான காரியம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கதவுக்குள் நாம் நடத்தியது என்ன? கையால் அறிபவனையும் ஏட்டால் அறிபவனையும் பிரித்து, முன்னவனைத் தோற்றவன் என்று முத்திரையிட்டோம். வேலை செய்து கற்றவனின் திறமையைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி இன்று இருக்கிறது. எமது மாணவருக்கு அவ்வழி இருக்கிறதென்று எத்தனை முறை கூறியிருக்கிறோம்?

அண்ணையின் நிலையையும் எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்று வயதில் ஒரு கராஜில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் பிறனிடம் கூலிக்கு உழைத்தவர். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. ஆனால் அவருடைய பெயரில் ஒரு சதமும் செலுத்தப்படவில்லை. செலுத்த வேண்டுமென்று கேட்கலாம் என்பதும் அவருக்கு அந்நாளில் தெரியாது. இரும்புக்கு எண்ணெய் பூசி, மூடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நலம் விசாரிக்கிறோம். அந்த இரும்பைக் காத்த கைகளை நனைய விட்டிருக்கிறோம். மழையில் கிடந்த முதல் எஞ்சினைப் போலவே.

வேலையின் கடைசிப் படி, ஒரு சீட்டுக் கட்டுவது. எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது திறப்பவனுக்குத் தெரியவேண்டும். சிலிண்டரில் ஒயில் நிறைந்திருக்க அதை அறியாது முடுக்கினால் உட்பாகங்கள் வளையும். அண்ணை சொல்ல, பையன் எழுதினான்: "உள்ளே ஒயில் உண்டு. தண்ணீர் இல்லை. தள்ளுகோல்கள் மட்டையில். பிளக் நான்கையும் கழற்றி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்ரார்ட் செய்யவும்." எழுதிவிட்டு, எழுத்துப்பிழை உண்டோ என்று எம்மிடம் நீட்டினான். ஒரேயொரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தோம். அன்றைய வேலையில் எமது பங்கு அவ்வளவே.

அன்று நாம் அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுதுமுன் கராஜுக்குப் போய், அந்த வசனம் தவறு, அதைக் கூறியதற்கு வருந்துகிறோம் என்று நேரிற் சொன்னோம். அவன் வெட்கப்பட்டு, "அதுக்கென்ன சேர்" என்று கூறி, எமக்கு உட்காரப் பழைய ரயர் ஒன்றை உருட்டி வந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் கொட்டிலில் கூடுகிறோம். அண்ணை சொல்கிறார்; அவன் ஒரு கொப்பியில் எழுதுகிறான்; நாம் எழுத்துப்பிழை திருத்துகிறோம். மண்ணெண்ணெயில் ஓட்டிய முறை முதல் இறுகிய பிஸ்ரனை இளக்கிய முறை வரை நாற்பது பக்கங்கள் நிறைந்துள்ளன. கார்த்திகை மாதத்தில் எஞ்சினை முதல் தடவை சுற்றினோம். இரண்டு சுற்று, ஒரு புள்ளி. இலகுவாகச் சுற்றியது.