ஒரு எம்.எல்.ஏ.வின் 365 நாட்கள்

எம்.எல்.ஏ. என்றால் யார்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் "சட்டம் இயற்றுபவர்" என்று பதில் வரும். குடிமையியல் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதே கேள்வியை மணலூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ரோடு போட்டுத் தர்றவரு", "பென்ஷன் வாங்கித் தர்றவரு", "ஓட்டு கேக்க மட்டும் வர்றவரு" என்று ஆளுக்கொரு பதில் வரும். சட்டம் என்ற வார்த்தையே வராது!

இதில் யார் சொல்வது சரி? ஒரு எம்.எல்.ஏ. வருடம் முழுக்க என்னதான் செய்கிறார்? என்ன செய்ய முடியும்? மணலூர்பேட்டையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

மணலூர்பேட்டை தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஒரு பேரூராட்சி. தை மாதம் ஐந்தாம் தேதி நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே இங்கே தீர்த்தவாரிக்கு வருவார். 2019 நவம்பர் 26 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர், அன்று முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். சட்டசபைக் கணக்கில் ரிஷிவந்தியம் தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒன்று.

2011 மே மாதம் இந்தத் தொகுதி திடீரென்று தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானது. காரணம் விஜயகாந்த். 2006ல் விருத்தாசலத்தில் ஜெயித்து, தே.மு.தி.க.வின் ஒரே எம்.எல்.ஏ.வாகச் சட்டசபைக்குப் போனவர், 2011ல் ரிஷிவந்தியத்தில் நின்று ஜெயித்தார். கட்சிக்கு 29 இடங்கள். தி.மு.க.வுக்கு 23 இடங்கள்தான். ஆகவே கேப்டன் எதிர்க்கட்சித் தலைவர்! மணலூர்பேட்டைக்காரர்களின் எம்.எல்.ஏ.தான் தமிழ்நாட்டின் எதிர்க்கட்சித் தலைவர். ஒரு சின்ன ஊருக்கு இதைவிடப் பெரிய குரல் கிடைக்குமா?

அந்தக் குரல் என்ன ஆனது என்பதற்கு முன்னால், எம்.எல்.ஏ. கையில் இருப்பவை எவை என்று தெரிந்துகொள்வது நல்லது. இரண்டே இரண்டுதான். ஒன்று பணம், இன்னொன்று பேச்சு.

பணம்

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. 1997-98ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. 2011ல் ஒரு தொகுதிக்கு வருடத்துக்கு 2 கோடி ரூபாய். பிறகு அது 3 கோடி ஆனது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் ரிஷிவந்தியத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 120 ரூபாய் கூட வராது! ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வகுப்பறை, ஒரு தெருவுக்குச் சிமெண்ட் ரோடு, ஒரு ரேஷன் கடைக் கட்டடம், ஒரு தண்ணீர்த் தொட்டி என்று நாலைந்து ஊர்களுக்குச் செய்தாலே வருடம் முடிந்துவிடும்.

அதிலும் இந்தப் பணத்தை எம்.எல்.ஏ. தன் கையால் செலவழிக்க முடியாது. இன்ன வேலை செய்யலாம் என்று பரிந்துரைக்கத்தான் முடியும். அனுமதி கொடுப்பது கலெக்டர். மதிப்பீடு, டெண்டர், வேலை எல்லாம் அதிகாரிகள் பொறுப்பு. முதியோர் பென்ஷனும் அப்படித்தான். 2011ல் அது 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஒரு பாட்டிக்கு அது கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவு செய்வது தாலுகா அலுவலகம். எம்.எல்.ஏ. ஒரு கடிதம் கொடுக்கலாம், தாசில்தாருக்கு ஒரு போன் போடலாம். அவ்வளவுதான்.

காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று எம்.எல்.ஏ.வின் பாதி நாட்கள் போய்விடும். அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் பல பேருக்குத் தன் மனுவை நேரில் கொடுக்கக் கிடைக்கும் இடமே அந்தக் கல்யாண மண்டபத்து வாசல்தான்.

பேச்சு

எம்.எல்.ஏ.வின் உண்மையான ஆயுதம் இதுதான். சட்டசபை வருடத்தில் கூடுவது சில வாரங்களே. ஜனவரியில் ஆளுநர் உரை, அதன் பிறகு பட்ஜெட், பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம். தினமும் முதலில் கேள்வி நேரம். "மணலூர்பேட்டையில் இன்ன வசதி செய்து தர அரசு ஆவன செய்யுமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று மழுப்பினாலும் அது அவைக்குறிப்பில் ஏறிவிடும். அமைச்சர் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டால், அது நடந்ததா என்று பார்ப்பதற்கே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவசரமான விஷயம் என்றால் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டு வரலாம்.

இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. அவைக்குப் போகவேண்டும், கேட்கவேண்டும், மறுபடியும் கேட்கவேண்டும்.

அந்த ஒரு வருடம்

இப்போது கேப்டனின் முதல் வருடத்துக்கு வரலாம். கூட்டணியில் ஜெயித்தவர்கள் சில மாதங்களிலேயே பிரிந்தார்கள். 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் தனித்தனி அணி. நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. 2012 பிப்ரவரி 1ஆம் தேதி சட்டசபையில் இதைப் பற்றித்தான் தே.மு.தி.க. கேள்வி எழுப்பியது. வாக்குவாதம் முற்றியது. விஜயகாந்த் விரலை நீட்டி, நாக்கைக் கடித்துப் பேசியதை டி.வி.யில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. விஷயம் உரிமைக் குழுவுக்குப் போனது. பத்து நாள் இடைநீக்கம். அதற்குப் பிறகு அவர் அவைப் பக்கம் வருவதே அபூர்வமாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் பஸ் கட்டணமும் தொகுதிப் பிரச்சினைதான். மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ்ஸில் போகிறவர்தான் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் அதைக் கேட்டது தவறே இல்லை. ஆனால் அந்த ஒரு நாள் சண்டையில் என்ன ஆனது? விலை உயர்வு மறந்துபோனது, நாக்கைக் கடித்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ரிஷிவந்தியத்துக்கான கேள்விகளைக் கேட்கவேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. பெரிய குரல் கிடைத்த ஊருக்கு, சின்னக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனது!

இதற்கு நேர் எதிரான கதையும் அதே கட்சியில் நடந்தது. 2012 அக்டோபரில் மதுரை மத்தி சுந்தர்ராஜன், திட்டக்குடி தமிழழகன், பேராவூரணி அருண்பாண்டியன், ராதாபுரம் மைக்கேல் ராயப்பன் ஆகியோர் முதல்வர் ஜெயலலிதாவைப் போய்ப் பார்த்தார்கள். காரணம் கேட்டால் "தொகுதிப் பிரச்சினை" என்றார்கள். இப்படிப் போனவர்கள் எட்டுப் பேர் ஆனார்கள். 2016 பிப்ரவரியில் அவர்கள் ராஜினாமா செய்ததும் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் பதவியையும் இழந்தார். அந்த வருடத் தேர்தலில் அவர் உளுந்தூர்பேட்டைக்குப் போய் நின்று தோற்றார். 2023 டிசம்பர் 28ல் மறைந்தபோது, பசி என்று வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டவர் என்றுதான் ஊரே அழுதது. நல்ல மனசு அவருக்கு இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எம்.எல்.ஏ. வேலை வேறு.

ஆக, ஒருவர் சண்டை போட்டு வெளியே நின்றார். மற்றவர்கள் சமாதானம் செய்துகொண்டு அந்தப் பக்கம் போனார்கள். சண்டையும் போடாமல், விலையும் போகாமல், தன் இடத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதற்கு மூன்றாவதாக ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்?

2022 ஆகஸ்டில் அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. முதல்வர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும், கட்சி பார்க்காமல், ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கலெக்டரிடம் கொடுங்கள் என்றார். எல்லாம் நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் பத்து என்று எண்ணி எழுதும்போது, எது முக்கியம் என்று ஒரு எம்.எல்.ஏ. யோசித்தே ஆகவேண்டும். எழுதியதை மக்களும் கேட்கலாம்: "எங்க ஊரு அதுல இருக்கா?"

ஆறு வந்த இரவு

இதெல்லாம் வெறும் அரசியல் பேச்சு என்று நினைப்பவர்கள் 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் எல்லாம் வெள்ளத்தில். முன்னறிவிப்பு சரியாக இல்லை என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. ஆற்றங்கரை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்பதுதானே கேள்வி?

அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். தண்ணீர் வருவது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு. பேரூராட்சித் தலைவரால் அணையைப் பற்றிக் கேட்க முடியாது. மூன்று கோடியை வைத்து ஆற்றைக் கட்டிப்போடவும் முடியாது. "அணை திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்னால், யார், எப்படி மணலூர்பேட்டைக்குச் சொல்வார்கள்?" என்று அமைச்சர் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய இடம் சட்டசபைதான். கேட்கக்கூடிய ஆள் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.தான். மழை வருவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி அது.

ஆகவே அடுத்த முறை எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால், ரோடு போட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வருடம் அவைக்கு எத்தனை நாள் போனீர்கள், ஊருக்காக என்ன கேள்வி கேட்டீர்கள், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த 365 நாட்களும் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்.