அம்பாத்துரை ஸ்டேஷனும் அப்பத்தாவின் படமும்

சின்னாளப்பட்டிப் பக்கம் பல வீடுகளில் கல்யாணப் படம் பளிச்சென்று இருக்கும். காதுகுத்துப் படமும், கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்று எடுத்த படமும், பேரன் பட்டம் வாங்கிய படமும் அப்படியே. மாலை போட்ட அப்பத்தா படம் மட்டும் மங்கலாக இருக்கும். அது வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. காரியத்துக்கு அவசரமாகத் தேடியபோது வேறு படம் கிடைத்திருக்காது. எழுபது வருஷம் அதே தெருத் திண்ணையில் உட்கார்ந்து நூல் சுற்றியவர். வீட்டில் நாலு கைபேசி இருந்திருக்கும். தினமும் பார்க்கிற முகம்தானே, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

ஊரையும் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். கொடைக்கானலுக்குப் போகிறவர் வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே போகிறார். சின்னாளப்பட்டிக்காரர் சின்னாளப்பட்டியை எடுப்பதில்லை. திண்டுக்கல் - மதுரை நான்குவழிச் சாலை வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது, எந்த மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றார்கள் என்று பெரியவர்கள் வாயால் சொல்வார்கள். 'காட்டுங்க தாத்தா' என்று பேத்தி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

தமிழ்நாட்டைப் படம் எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். சென்னை மாகாண அரசே அதற்கென்று அவரை வேலைக்கு வைத்திருந்தது. அப்போது இந்தப் பக்கம் ரயில் கிடையாது. 1875-ல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தையும் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இன்னொரு ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பதறும். பட்டினி கிடப்பவர்களுக்கு உதவாமல் படம் எடுத்தார் என்ற பழி அந்தக் காலத்திலேயே அவர்மேல் விழுந்தது.

கோயில் படமாயிற்று, பஞ்சம் படமாயிற்று. இரண்டுக்கும் நடுவே உள்ள சாதாரண நாட்கள் பெரும்பாலும் படமாகவில்லை. கமலை இறைத்த காலை, சோளத்தட்டை ஏற்றிய வண்டி, சந்தைக்குப் போகிற வழியில் கேட்டில் நின்று ரயிலுக்குக் காத்திருந்த கூட்டம் ஆகியவற்றை எடுப்பதற்கென்று வெளியூரிலிருந்து யார் வருவார்கள்? ஊர்க்காரர் எடுத்தால்தான் உண்டு.

அம்பாத்துரை சின்ன ஸ்டேஷன்தான். திண்டுக்கல்லுக்கும் கொடைரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நிற்காமல் ஓடுகிற வண்டிகளே அதிகம். ஆனால் 1946 பிப்ரவரி தொடக்கத்தில் காந்தி மதுரைக்குப் போன வண்டி இங்கே நின்றது, அவரைப் பார்க்கச் சுற்றுவட்டார ஜனங்கள் திரண்டார்கள். அடுத்த வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் இதே பகுதியில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஒரு ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் சிறிது நேரம் நின்றதற்கும் இன்றைக்கு அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த ஸ்டேஷனைத் தாண்டித் தினமும் காட்டுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கைபேசியில் அதன் பெயர்ப் பலகைப் படம் இருக்கும்?

காந்தியைப் பற்றிய பேச்சு வந்ததால் கனு காந்தியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காந்திக்குப் பேரன் முறை. ஆசிரமத்திலேயே வளர்ந்து, காந்தியைப் பல வருஷம் படம் எடுத்தவர். அவருக்குக் காந்தி போட்ட நிபந்தனைகள் மூன்று. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. 'இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்' என்று சொல்லக் கூடாது. ஆசிரமம் காசு தராது.

ஊரைப் படம் எடுக்க நினைப்பவருக்கு இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். ஃபிளாஷ் அடித்தால் வயதானவர்கள் முகம் சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடும். வாசல் கதவைத் திறந்து, அந்த வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் தோல் சுருக்கம்கூட அழகாக விழும். 'சிரிங்க அப்பத்தா' என்றால் அவர் விறைத்துக்கொள்வார், முந்தானையை இழுத்து மூடுவார். 'நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க' என்று சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அவர் கைபேசியை மறந்துவிடுவார். அப்போது எடுக்க வேண்டும். மூன்றாவது, கேமராவுக்கென்று கடன் வாங்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் இருக்கிற கைபேசி போதும், அதன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டால் சரி. பாதிப் படங்கள் கெடுவது விரல் எண்ணெயால்தான்.

நெசவுத் தெருவில் காலையில் சீக்கிரம் போக வேண்டும். பாவை நீட்டிக் கஞ்சி போடும் இடங்களில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். சாயம் போட்டுக் காயவைத்த சுங்குடிச் சேலைகளை உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளுத்துப் போகும். காலை எட்டு மணிக்குள் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். புது டிசைன் தறியில் ஓடும்போது நெசவாளர் அதைப் படம் எடுக்க விடமாட்டார், விடாததில் நியாயமும் இருக்கிறது. கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. 'வேண்டாம்ப்பா' என்றால் கையைத்தான் எடுக்கிறேன், சேலையை இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் வேண்டாமென்றால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும்.

சிறுமலை இந்த ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அதனால் காலையில் மலையைப் படம் எடுத்தால் வெறும் கறுப்பு வடிவம்தான் வரும். மழைக்குப் பின் மேகம் இறங்கியிருக்கும் நாளில் அதுவும் நன்றாகத்தான் இருக்கும். மலையின் மடிப்பும் மரமும் தெரிய வேண்டுமென்றால் மாலை நாலரைக்கு மேல் எடுக்க வேண்டும். மேற்கு வெயில் நேராக மலைமேல் விழும். அடிவாரத்துத் திராட்சைப் பந்தலில் கல்தூண் நிழல் நீளமாகப் படுத்திருக்கும். கவாத்து செய்த அன்று ஒரு படம், துளிர் விட்டபோது ஒன்று, காய் பிடித்தபோது ஒன்று, அறுப்பில் ஒன்று என்று ஒரே தூணுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் நாலு மாத விவசாயம் நாலு படத்தில் அடங்கிவிடும். கேள்வி பதில் பகுதிக்கு நோய்ப்பட்ட இலைப் படம் அனுப்புகிறவர்கள் இலையின் மேல்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவது பெரிய குறை. திராட்சை அடிச்சாம்பல் நோயின் வெள்ளைப் பூசணம் இலைக்கு அடியில்தான் இருக்கும். இரண்டு பக்கமும், கூடவே முழுச் செடியும் வேண்டும்.

இனி ரயில். மீட்டர் கேஜ் காலத்தில் ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் கைகாட்டி மரம் இருந்தது. கை சாய்ந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். பாதையோரக் காட்டில் களை எடுத்த பெண்களுக்கு ரயில்தான் கடிகாரம். இன்ன வண்டி போனால் சோறு, இன்ன வண்டி போனால் வீடு. பாதை 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டராக அகலமானது. கைகாட்டி போய் விளக்கு வந்தது. கரி எஞ்சின் போய் டீசல் வந்தது, டீசலுக்குப் பின் மின்சாரம் வந்தது. அகலப்பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் அனைத்தும் 2019 ஜனவரிக்குள் எடுக்கப்பட்டுவிட்டன. பல ஊர்களில் கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை வந்திருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது, கதிர் ஏற்றிய டிராக்டர் சுற்றிப் போகிறது. இதில் எது நல்லது எது கெட்டது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒவ்வொன்றும் மாறிய பிறகுதான் 'ஒரு படம் எடுத்திருக்கலாமே' என்று தோன்றுகிறது.

மதுரை - போடி பாதையில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2010 கடைசியோடு அங்கே மீட்டர் கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதையில் தேனி வரை வண்டி திரும்பி வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். வண்டி நின்ற வருஷம் பிறந்த பிள்ளை ஆறாம் வகுப்பை எட்டியபின்தான் தன் ஊரில் ரயிலைப் பார்த்தது. பழைய பெட்டியின் மரச்சீட்டு எப்படி இருந்தது, ஏலக்காய் மூட்டையும் வாழைத்தாரும் எங்கே ஏறின என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட, கடைசி நாட்களில் யாராவது எடுத்த படம்தான் இருக்கிறது.

அதற்காகத் தண்டவாளத்தில் நின்று எடுக்கக் கூடாது. கரி எஞ்சின் ஒரு மைல் தூரத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வரும். மின்சார எஞ்சின் அப்படியில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. கைபேசித் திரையில் வண்டி சின்னதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது போலவே இருக்கும். இளவட்டங்கள் ஏமாறுவது இதனால்தான். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். நிற்கிற சரக்கு வண்டிமேல் படம் எடுக்க ஏறுவதும், செல்ஃபிக் குச்சியை உயர்த்துவதும் உயிரோடு விளையாடுவது. பாதைக்குள் அத்துமீறி நுழைவது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டேஷனுக்குள் போகக் கையில் பிளாட்பார டிக்கெட்டோ பயணச்சீட்டோ வேண்டும். எடுப்பதற்குமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கல்யாண போட்டோ போலத் தொழிலாக எடுப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

பார்க்கப் போனால் ரயிலின் நல்ல படம் தண்டவாளத்தில் கிடைப்பதே இல்லை. சொந்தக் காட்டு வரப்பில் நின்றால் போதும். முன்னால் கடலைச் செடி, நடுவில் வண்டி, பின்னால் சிறுமலை. வண்டி எந்த ஊரிலும் ஓடும். அந்த மூன்றும் சேர்ந்து தெரிகிற வரப்பு அவருடையது மட்டும்தான்.

நிலத்துக்கும் இந்தப் பழக்கம் உதவுகிறது. சாலைக்கோ ரயிலுக்கோ நிலம் எடுக்கும்போது அதில் உள்ள மரம், கிணறு, கட்டடத்துக்கும் மதிப்புப் போட வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். வெட்டிய பிறகு தென்னை எத்தனை காய் காய்த்தது என்று வாயால் சொல்வதைவிட, தேதியோடு ஒரு படம் கையில் இருப்பது மேல். எல்லைக்குப் பட்டாவும் புலப்படமும்தான் ஆதாரம், கைபேசிப் படம் அதற்கு ஈடாகாது. பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் தங்கள் வயலில் சேதம் ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சேதத்துக்கு முந்தைய மாதப் படமும் இருந்தால் பேச்சு எளிதாகும்.

வருஷத்துக்கு நாலு முறை எடுத்தால் போதும். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்றுமேட்டில் நின்று தண்ணீர் மட்டம், கரையில் நின்று கண்மாய், தெருமுனையில் நின்று தெரு, வரப்பில் நின்று ரயிலும் மலையும் எடுக்கலாம். நிற்கிற இடம் மாறக் கூடாது, அதற்கு ஒரு கல்லோ தூணோ அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்தில் இதெல்லாம் சலிக்கும். ஐந்தாம் வருஷம் கண்மாயில் எத்தனை அடிக்குக் கருவேலம் ஏறியிருக்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரியும்.

கைபேசி கிணற்றில் விழும், திருடு போகும், பேரன் விளையாட்டு ஏற்றுவதற்காகப் படங்களை அழிப்பான். நல்ல படம் பத்தைத் தேர்ந்து திண்டுக்கல்லில் ஏதாவது ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் போட்டு வைத்துவிட வேண்டும். பின்பக்கம் பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். இடம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது, படத்தில் இருப்பவர் யார், அவர் யாருக்கு என்ன முறை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறார்கள். 'சின்ன மாமா' என்று மட்டும் எழுதினால் இன்னும் முப்பது வருஷம் கழித்து எந்தச் சின்ன மாமா என்று சொல்ல ஆள் இருக்காது.