திசு வாழை வாங்கும்போது ஒரு கேள்வி

விருத்தாசலம்னா உங்களுக்குப் பீங்கான் ஞாபகம் வரும். எங்களுக்கு முந்திரி, வாழை. போன வருஷம் நட்ட திசு வாழையில நாலு மரம் குட்டையாவே நின்னுடுச்சு. எருவும் தண்ணியும் மத்ததுக்குச் சமமாத்தான் குடிச்சுது, தார்தான் இல்ல.

ஆய்வுக்கூடப் புட்டியில திசுவைப் பிரிச்சுப் பிரிச்சு ரொம்ப நாள் வளர்த்தா, சில செல்கள் குணம் மாறிடும். சிலதுல மரபணுவே மாறும். சிலதுல மரபணு எழுத்து அப்படியே இருக்கும். எதைப் படிக்கணும், எதை விடணும்னு அதுமேல இருக்கற மெத்தில் குறி மட்டும் அழிஞ்சுடும். திசு முறையில வளர்த்த எண்ணெய்ப்பனையில காய் கோணிப்போய் எண்ணெய் குறைஞ்சதுக்கு இதுதான் காரணம்னு மலேசிய விஞ்ஞானிங்க 2015ல கண்டுபிடிச்சாங்க. மரம் காய்க்கிற வரைக்கும் வெளியே தெரியாது.

வாழையைப் பொதுவா எட்டு சுற்றுக்கு மேல பிரிக்கக் கூடாதும்பாங்க. கன்று வாங்கறப்ப விலைக்கு முன்னாடி, "இது எத்தனாவது சுற்று?"ன்னு கேளுங்க.