தேனிலவுக்கும் நாள் பாடத்திட்டமா?

விரைவில் மணமுடிக்கவிருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், பினாங்குத் தேனிலவுக்கு அட்டவணை தயாரித்துக் காட்டினார். காலையில் கொடிமலை, நண்பகலில் கெக் லோக் சி ஆலயம், மாலையில் தண்ணீர்மலை முருகன் கோயில். என் பழைய தவறேதான்!

2008இல் நானும் மணிவாரியாக எழுதிக்கொண்டு சென்றேன். அந்நாளில் கொடிமலை இரயிலில் பாதி வழியில் இறங்கி மாற வேண்டும் (2011 முதல் நேரடிப் பயணம்). அங்கே மனைவி சோர்ந்து அமர்ந்து, "நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்குங்களா?" என்றார். திருமணக் களைப்பே அவருக்குத் தீரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மறுநாள் ஜார்ஜ்டவுனைக் கைவிட்டு, பத்து பிரிங்கிக் கடற்கரையில் பொழுது சாயும்வரை அமர்ந்திருந்தோம். மறைந்த தம் தந்தையைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசியது அங்கேதான்.

"காலையில் ஓரிடம் போதும், பிற்பகலை வெறுமையாக விடுங்கள்" என்றேன். இளைஞர் இரண்டாம் நாளை மட்டும் அழித்தார். முதல் நாளுக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.